இடிப்புக் கட்டணம் ஒரு லட்சம் மட்டும்

சோழன் கட்டியதோ, சுல்தான் கட்டியதோ, வெள்ளைக்காரன் கட்டியதோ, மத்திய அரசின் பாதுகாப்பில் இருக்கும் எந்தச் சின்னத்தையும் ஒருவர் இடித்துத் தள்ள ஆசைப்பட்டால் அதற்கு அதிகபட்ச அபராதம் ஒரு லட்சம் ரூபாய். இரண்டாண்டு வரை சிறை என்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நம் நாட்டில் வசதி படைத்தவர்கள் எல்லோரும் அந்த முதல் ‘அல்லது’வில்தான் குடியிருக்கிறார்கள்.

ஒரு லட்சம் அதிகம் என்று பதற வேண்டாம். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு கார் நிறுத்தும் இடத்துக்கே அதைவிட அதிகம் கேட்கிறார்கள். இடிப்பவருக்கு இன்னும் மலிவான காலம் ஒன்று இருந்தது. 1958இல் தொல்லியல் சின்னங்கள் சட்டம் வந்தபோது தண்டனை மூன்று மாதச் சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய். அந்த ஐயாயிரம் ஐம்பத்திரண்டு ஆண்டுகள் அசையாமல் கிடந்தது. 2010இல் ஒருவழியாகக் கண்விழித்து ஒரு லட்சம் ஆக்கினார்கள். அதன் பிறகு பெட்ரோல் ஏறியது, தங்கம் ஏறியது, டீக்கடை டீ ஏறியது. தஞ்சைப் பெரிய கோயிலை உடைக்கும் விலை மட்டும் ஒரு பைசா ஏறவில்லை. விலைவாசியைக் கட்டுப்படுத்தத் தெரியாத அரசு என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

இந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். சின்னத்தை அழிப்பது, அகற்றுவது, சேதப்படுத்துவது, மாற்றுவது, உருக்குலைப்பது, ஆபத்துக்கு உள்ளாக்குவது, தவறாகப் பயன்படுத்துவது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி ஒரே தண்டனையை வைத்திருக்கிறது. செஞ்சிக் கோட்டைச் சுவரில் காதலியின் பெயரை ஆணியால் கீறும் பையனும், ஜேசிபியைக் கொண்டுவந்து மண்டபத்தையே பெயர்த்தெடுக்கும் பெரிய மனிதரும் சட்டத்தின் முன் சமம். சமத்துவம் இதோடு நின்றுவிடும் என்று பயப்படத் தேவையில்லை. பையன் மாட்டிக்கொள்வான், ஏனென்றால் அவன் தன் பெயரையும் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டுப் போகிறான். பெரிய மனிதர் அப்படி எதையும் எழுதி வைப்பதில்லை. எழுதுவதற்குச் சுவரும் இருக்காது.

சட்டத்துக்குப் பல்லே இல்லை என்று சொன்னால் மாமல்லபுரத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். 2010 திருத்தம் ஒவ்வொரு சின்னத்தைச் சுற்றியும் 100 மீட்டரைத் தடை செய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கு அப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றும் கோடு போட்டது. நோக்கம் நல்லது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருப்பவர் ஒழுகும் கூரையை மாற்ற வேண்டுமானால் தடையில்லாச் சான்றுக்கு மனுப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். மீறிக் கட்டினால் அவருக்கும் அதே இரண்டாண்டு, அதே ஒரு லட்சம். பல்லவன் கோயிலுக்குப் பக்கத்தில் கழிப்பறை கட்டியவனும் பல்லவன் கோயிலையே இடித்தவனும் ஒரே தராசில். முன்னவன் வீட்டுக்கு நோட்டீஸ் வரும். பின்னவன் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வரும், அதிகாரியின் மகள் கல்யாணத்துக்கு.

காவல் எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். 2022 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று தாக்கல் செய்த அறிக்கையில் அந்தக் கணக்கு வெளிவந்தது. அப்போது மத்திய அரசின் பட்டியலில் இருந்த சின்னங்கள் 3,693. அவற்றில் 50 காணவில்லை. 14 சின்னங்களை நகர வளர்ச்சி விழுங்கிவிட்டது. 12 அணைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் மூழ்கிவிட்டன. மிச்சம் 24 எங்கே போயின என்றே தெரியவில்லை. காவலுக்குத் தேவை 7,000 பேர், போட முடிந்தது 2,578 பேர், அதுவும் 248 இடங்களில் மட்டும். களவு போனது ஒரு நகை இல்லை, ஒரு சிலை இல்லை. அஸ்திவாரத்தோடு கட்டடம் காணாமல் போயிருக்கிறது. பதினான்கு இடங்களில் யாரோ ஒருவர் அதை இடித்து, லாரியில் ஏற்றி, மண் நிரவி, மேலே கட்டடம் எழுப்பி, அதற்கு மின் இணைப்பும் வாங்கியிருக்கிறார். யாரும் பார்க்கவில்லை. சட்டம் எத்தனை பேரை உள்ளே தள்ளியது என்று கேட்டுவிடாதீர்கள்.

வீட்டில் காணாமல் போனவரைத் தேடிக் களைத்துவிட்டால் ரேஷன் கார்டில் பெயரை அடித்துவிடுவது போல, தொல்லியல் துறையும் ஒரு வழி கண்டுபிடித்தது. 1958 சட்டத்தின் 35ஆம் பிரிவு, ஒரு சின்னம் தேசிய முக்கியத்துவத்தை இழந்துவிட்டது என்று அறிவிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2024 மார்ச்சில் அந்தப் பிரிவைக் கையில் எடுத்து 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தார்கள். ஃபரிதாபாத் முஜேசரில் இருந்த முகலாயர் காலத்து மைல்தூண், டெல்லியின் பாராகம்பா கல்லறைத் தோட்டம், வாரணாசியின் தெலியா நாலா பௌத்த இடிபாடு எல்லாம் அதில் உண்டு. இடித்தவன் குற்றவாளி ஆகவில்லை, இடிபட்டது முக்கியத்துவம் இழந்தது. இனி அதைத் தேடவும் வேண்டாம், தேடவில்லையே என்று யாரும் கேட்கவும் வேண்டாம்.

இவ்வளவும் மத்திய அரசின் பட்டியலில் இருப்பவற்றுக்கு. அந்தப் பட்டியலில் இல்லாத கட்டடத்தை இடிப்பவருக்கு அந்த ஒரு லட்சமும் மிச்சம்.

சென்னைக்கு வருவோம். இந்த நகரத்தில் எவையெல்லாம் பாரம்பரியக் கட்டடங்கள் என்பதற்கு நீதிமன்றம் ஏற்ற பட்டியல் ஒன்று இருக்கிறது. அது எப்படி வந்தது என்பது தமிழ்நாட்டின் பண்பாட்டு வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய சங்கதி. கட்டடங்கள் மேல் இருந்த அன்பினால் வரவில்லை, விளம்பரப் பலகைகள் மேல் இருந்த எரிச்சலினால் வந்தது. நகரம் முழுக்க ஹோர்டிங் மண்டிப்போய் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, நீதிபதி பத்மநாபன் தலைமையிலான குழு, எந்தெந்தக் கட்டடத்தைப் பலகைகள் மறைக்கக் கூடாது என்று 467 பெயர்களை எழுதிக் கொடுத்தது. 2006இல் தீர்ப்பு வந்தது. ஆக, சோப்பு விளம்பரமும் புடவை விளம்பரமும் இல்லாமல் போயிருந்தால் மெட்ராஸின் முந்நூறாண்டு வரலாற்றுக்கு ஒரு பட்டியல்கூடக் கிடைத்திருக்காது.

பட்டியல் வந்தது, 2010இல் ஒரு பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவும் வந்தது. சட்டம் வேண்டாமா? 2012இல் சட்டமன்றம் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. நடைமுறைக்கு வந்தது 2024இல். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள். கட்சிக்குக் கட்சி தமிழன் பெருமையை மேடைதோறும் முழங்கிய அதே பன்னிரண்டு ஆண்டுகள். மதுக்கடை எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்று ஆணை போட்டால் மறுநாள் காலை அமலாகிறது. பாரம்பரியத்தைக் காக்கும் சட்டத்துக்கு மட்டும் பன்னிரண்டு வருட வனவாசம். ராமனுக்குப் பதினான்கு, பாண்டவருக்குப் பதின்மூன்று. நம் அரசு ஒரு வருடம் குறைத்துக் கொடுத்திருக்கிறது, அதுவரை நன்றி.

அண்ணா சாலையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை முனையில் நிற்கும் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை, அந்தப் பக்கம் போகிறவர்கள் இப்போது நிமிர்ந்து பார்ப்பதில்லை. டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்துக் கம்பெனிக்காக 1897இல் எழுந்தது. இந்தோ சாரசெனிக் பாணி, ஸ்தூபியும் கோபுரமுமாக மவுண்ட் ரோட்டுக்கே அடையாளமாக இருந்தது. பிறகு பாரத் இன்ஷூரன்ஸ் கைக்குப் போனது. 1956இல் காப்பீடு தேசியமயமானதும் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் சொத்தானது. 2006இல் கழகம் அதை இடிக்கத் தொடங்கியது. பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு நீதிமன்றத்துக்கு ஓடித் தடை வாங்கியது. 2010இல் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது.

சரி, கட்டடம் பிழைத்தது என்றுதானே நினைப்பீர்கள்? இடிக்கக் கூடாது என்றால் காப்பாற்ற வேண்டும் என்று அர்த்தம் இல்லை என்பதை அதன் பிறகுதான் கற்றுக்கொண்டோம். கோடிக்கணக்கான இந்தியர்களின் ஆயுளுக்கு உத்தரவாதம் கொடுக்கும் நிறுவனம், தன் கையில் இருக்கும் இந்த ஒரு கட்டடத்தின் ஆயுளுக்குப் பிரீமியம் கட்ட மறுத்துவிட்டது. ஆட்கள் வெளியேறினார்கள், கதவுகள் மூடின, மழை உள்ளே குடிவந்தது. இதற்கு அனுமதி வேண்டியதில்லை, நோட்டீஸ் வராது, அபராதம் அறவே கிடையாது. அரசமரக் கன்றும் ஐப்பசி மழையும் கூலி வாங்காத இடிப்புத் தொழிலாளிகள், தடையாணையை மதிக்காதவர்கள். இங்கிலாந்தில் பட்டியலில் உள்ள கட்டடத்தை இப்படிக் கிடப்பில் போட்டால், 1990 சட்டத்தின்படி உள்ளாட்சி மன்றம் முதலில் பழுதுபார்க்கச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கும். கேட்கவில்லையென்றால் கட்டடத்தையே கட்டாயமாக வாங்கிக்கொள்ளும் வழியும் உண்டு. இங்கே உடைமையாளரே பொதுத்துறை. யாருக்கு யார் நோட்டீஸ் கொடுப்பது?

அரண்மனைக்காரத் தெருவில் கோகலே ஹால் கதையும் இதற்குச் சளைத்ததில்லை. அன்னி பெசன்ட் 1914இல் தொடங்கிய இளைஞர் சங்கத்துக்காகக் கட்டப்பட்ட மன்றம் அது. ஹோம் ரூல் இயக்கத்தின் முழக்கம் அங்கே எழுந்தது, கச்சேரிகள் நடந்தன, தேசத் தலைவர்கள் பேசினார்கள். அதை இடித்துப் புதிதாகக் கட்ட முனைந்தவர்கள் வெளியார் யாரும் இல்லை, அதே சங்கம்தான். நீதிமன்றம் தடுத்து நிறுத்தியபோது கூரை ஏற்கெனவே போய்விட்டிருந்தது. சுயராஜ்யம் கேட்டுக் குரல் எழுந்த மன்றம் தலையில்லாமல் நின்றது. அந்தக் கூரைக்கு யார், எவ்வளவு அபராதம் கட்டினார் என்று எங்கும் படித்ததில்லை. படித்தவர்கள் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

தனியாரையும் சங்கத்தையும் திட்டிவிட்டு அரசை விட்டுவிட்டால் எழுதுகிறவனுக்கு நாக்கு அழுகிப்போகும். அனுமதி இல்லாமல் இடிப்பதுதானே குற்றம்? அனுமதி கொடுக்கும் கையும் இடிக்கும் கையும் ஒரே உடம்பில் இருந்தால் குற்றம் எங்கிருந்து வரும்? 2003இல் ஜெயலலிதா ஆட்சி, கடற்கரையோரம் இருக்கும் ராணி மேரிக் கல்லூரியை எடுத்துக்கொண்டு அங்கே தலைமைச் செயலகம் கட்டத் திட்டம் போட்டது. தடுத்தது எந்தச் சட்டமும் அல்ல. மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தார்கள், அவ்வளவுதான். அடுத்து வந்த கருணாநிதி ஆட்சி, ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. அங்கே மாணவிகள் இல்லை. கவர்னர்கள் வாழ்ந்த பழைய மாளிகை போனது. புதிய சட்டமன்ற வளாகம் எழுந்தது. 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் வந்து திறந்தார். கட்டடத்தின் குவிமாடம் அன்றைக்கு முடியவில்லை. திறப்பு விழாவில் ஜொலித்த குவிமாடம் சினிமாக் கலை இயக்குநர் தோட்டா தரணி போட்டுக் கொடுத்த செட்.

இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் மிகையாக இருக்கிறது என்று எந்த ஆசிரியரும் வெட்டிவிடுவார். நிஜமான மாளிகையை இடித்துவிட்டு அந்த இடத்தில் சினிமா செட் போட்டு அதைப் பிரதமரை வைத்துத் திறப்பது அங்கதக்காரனின் பிழைப்பில் மண்ணைப் போடும் வேலை. 2011இல் ஆட்சி மாறியது, சட்டமன்றம் கோட்டைக்கே திரும்பியது, புதிய கட்டடம் 2014இல் மருத்துவமனை ஆனது. மருத்துவமனை நல்லதுதான், ஏழைகள் பயனடைகிறார்கள், அதில் எனக்கு வழக்கில்லை. இடித்த மாளிகைக்குப் பொறுப்பாளி யார் என்ற கேள்வி மட்டும் இன்றுவரை எந்த வார்டிலும் சேர்க்கப்படவில்லை. அரசுக்குக் கட்டத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2012இல் சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதி தீயில் எரிந்தபோது, அதைப் பழைய முறையில் மீட்டெடுத்தது இதே பொதுப்பணித் துறைதான். தெரியும். செய்ய வைக்க ஆளில்லை.

கோயில்கள் பக்கம் போனால் இடிப்புக்குப் பெயரே திருப்பணி. பழைய மண்டபத்தைப் பெயர்த்துவிட்டு கான்கிரீட் போடுவது திருப்பணி. சிற்பத்தின் மூக்கும் விரலும் கரைந்துபோகும்படி மணலைப் பீய்ச்சி அடித்து ‘பளிச்’ ஆக்குவது திருப்பணி. ஆயிரம் வருடக் கல்வெட்டை மறைத்து, உபயதாரர் பெயரும் அமைச்சர் பெயரும் பொறித்த கிரானைட் பலகையைப் பதிப்பது மாபெரும் திருப்பணி. உயர் நீதிமன்ற வழக்கை ஒட்டி யுனெஸ்கோ குழுவே வந்து கோயில்களைச் சுற்றிப் பார்த்து 2017இல் அறிக்கை கொடுத்தது. 2021 ஜூனில் உயர் நீதிமன்றம் 75 உத்தரவுகளைப் பிறப்பித்தது. அந்த வழக்கு 2015இல் ஒரு நாளிதழில் வந்த வாசகர் கடிதத்தைப் பார்த்து நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். இத்தனை துறைகள், இத்தனை ஆணையர்கள், இத்தனை செயல் அலுவலர்கள். கடைசியில் வேலை செய்தது ஒரு கடிதம்.

இடிக்கும் கலையின் நுட்பங்களையும் சொல்ல வேண்டும், தெரியாமல் யாரும் நஷ்டப்படக் கூடாது. முதலில் பச்சை வலை கட்ட வேண்டும். வலை கட்டிய பிறகு உள்ளே நடப்பது பழுதுபார்ப்பு என்று ஊர் நம்பும். இரண்டாவது, ஓர் இன்ஜினீயரிடம் கட்டடம் உறுதியாக இல்லை, உயிருக்கு ஆபத்து என்று சான்றிதழ் வாங்க வேண்டும். நூற்றைம்பது வருடம் நின்ற சுண்ணாம்புச் சாந்துச் சுவர், சான்றிதழில் கையெழுத்து விழுந்த அன்று திடீரென்று ஆபத்தாகிவிடும். மூன்றாவதுதான் முக்கியம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பிக்க வேண்டும். சனி, ஞாயிறு நீதிமன்றம் கிடையாது, அலுவலகம் கிடையாது, தொடர்ந்து ஒரு பண்டிகை விடுமுறை அமைந்தால் யோகம். திங்கள் காலை தடையாணையோடு வருகிறவருக்குத் தடுக்க எதுவும் மிச்சம் இருக்காது. இடித்ததில் கிடைக்கும் பர்மாத் தேக்குக்கும் இரும்புக்கும் செங்கல்லுக்கும் இடிப்பு கான்ட்ராக்டரே உங்களுக்குப் பணம் கொடுப்பார். அந்தக் காசிலேயே அபராதத்தைக் கட்டிவிடலாம்.

வெள்ளிக்கிழமை ரகசியம் நம்மூர்க் கண்டுபிடிப்பு என்று பெருமைப்பட முடியாது. லண்டனில் ஃபயர்ஸ்டோன் தொழிற்சாலையின் அழகான முகப்பை 1980 ஆகஸ்டில் ஒரு விடுமுறை வார இறுதியில்தான் நொறுக்கினார்கள், பாதுகாப்புப் பட்டியலில் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால். மெல்பர்னில் கார்க்மன் என்ற பழைய பப்பை 2016 அக்டோபரில் ஒரு சனி, ஞாயிறில் காலி செய்தார்கள். அது 1850களில் எழுந்த கட்டடம், சட்டக் கல்லூரிக்குப் பக்கத்திலேயே இருந்தது. நாட்டின் எதிர்கால வக்கீல்கள் எல்லாம் பீர் குடித்த இடத்தை அனுமதியில்லாமல் இடிக்க எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும்! கல்நார் கலந்த இடிபாட்டை நகரத்தின் மேற்கே வீடுகளுக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டுப் போனார்கள். 2023 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் ‘கோணல் வீடு’ என்று பேர் பெற்ற, பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடத்தில் இருந்த பப் ஒரு சனிக்கிழமை இரவு தீப்பிடித்தது, திங்கட்கிழமை தரைமட்டம் ஆனது. சுரங்கத்தால் பூமி தாழ்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தும் இருநூற்றைம்பது ஆண்டு நின்ற கட்டடம், விற்பனையாகி சில வாரங்கள்கூட நிற்கவில்லை.

ஆக, மனிதன் எங்கேயும் மனிதன்தான். வித்தியாசம் அடுத்த திங்கட்கிழமையில் இருக்கிறது.

லண்டன் கில்பர்ன் பகுதியில் கார்ல்டன் டேவர்ன் என்று ஒரு பப். முதல் உலகப் போரில் குண்டு விழுந்து அழிந்த பப்பின் இடத்தில் 1920களின் தொடக்கத்தில் கட்டியது. இரண்டாம் உலகப் போரின் விமானத் தாக்குதலில் அந்தத் தெருவில் தப்பி நின்றது அது ஒன்றுதான். ஹிட்லரிடம் தப்பியது ஃபிளாட் கட்டுகிறவரிடம் மாட்டியது. அந்த இடத்தில் பத்து ஃபிளாட் கட்ட அனுமதி கேட்டார்கள், 2015 ஜனவரியில் மறுத்துவிட்டார்கள். கட்டடத்தைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கும் வேலை முடியும் தருவாயில் இருந்தது. ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி, சரக்குக் கணக்கெடுக்க வேண்டும், கடையை மூடுங்கள் என்று நடத்துகிற அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது புல்டோசர் பாதிக்கு மேல் தின்று முடித்திருந்தது.

நம்மூராக இருந்தால் இதற்குள் பூமி பூஜைக்கு நாள் பார்த்திருப்பார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் உள்ளாட்சி மன்றம் அபராதத்தைப் பற்றிப் பேசவே இல்லை. கட்டு என்றது. இடிப்பதற்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே, செங்கல் செங்கல்லாக, ஓடு ஓடாகத் திருப்பிக் கட்டு என்றது. மேல்முறையீடு போனார்கள், விசாரணை நடந்தது, தோற்றார்கள். இப்படி ஏதாவது நடக்கும் என்று சந்தேகப்பட்ட ஊர்க்காரர்கள் முன்கூட்டியே கட்டடத்தை ஆவணப்படுத்த வைத்திருந்தார்கள், அது கைகொடுத்தது. பப் எழுந்தது. 2021 ஏப்ரலில் கதவு திறந்தது. கோணல் வீட்டுக்கும் 2024 பிப்ரவரியில் மூன்றாண்டுக்குள் திருப்பிக் கட்டு என்று உத்தரவு போனது. அங்கே சாராயக் கடைக்கு இவ்வளவு மரியாதை. இங்கே கூரையில்லாத கோகலே ஹாலுக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டக்கூடப் பசை கிடைக்கவில்லை.

மெல்பர்ன்காரர்கள் முதலில் அபராதத்தைத்தான் நம்பினார்கள். பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் போட்டுப் பார்த்தார்கள். ஆனால் நல்ல இடத்தில் காலி மனை கிடைத்தவனுக்கு அதுவும் ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான். வழக்கு, மேல்முறையீடு, நீதிமன்ற அவமதிப்பு என்று வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் விக்டோரியா மாநிலம் விஷயத்தைச் சரியான இடத்தில் பிடித்தது. பாரம்பரியக் கட்டடத்தைச் சட்டவிரோதமாக இடித்தாலோ வேண்டுமென்றே சிதைய விட்டாலோ அந்த மனையில் பத்து ஆண்டு வரை எதுவும் கட்ட முடியாதபடி தடுக்கலாம் என்று சட்டத்தைத் திருத்தியது. இடித்தவனின் வலி அபராதத்தில் இல்லை, மனையில் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு ஒரு பப் தேவைப்பட்டது. நமக்கு எத்தனை மாளிகை தேவைப்படும்?

உடைமையாளர் எல்லோரும் ராட்சசர்கள் என்று சொல்ல வரவில்லை. செட்டிநாட்டில் ஒரு வலவுக்கு, அதாவது ஒரு பெரிய வீட்டுக்கு, எத்தனை பங்காளிகள் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் வழக்கில். ஓடு மாற்றக் காசு கொடுக்க யாரும் இல்லை, சொத்து வரியில் சலுகையில்லை. ஒருநாள் தூண்கள் லாரி ஏறி, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்கு வந்து நிற்கும். அங்கிருந்து ஏதோ ரிசார்ட்டின் வரவேற்பறைக்குப் போகும், பாரம்பரிய அனுபவம் என்று அறை வாடகையில் சேர்ந்துவிடும். மும்பை 1995இலேயே பாரம்பரியக் கட்டடங்களுக்கு விதிமுறை கொண்டுவந்து, அங்கே கட்ட முடியாத பரப்பை வேறு இடத்துக்கு விற்றுக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தது. காப்பாற்றுகிறவனுக்கு ஒரு காசு கிடைக்க வேண்டும் என்ற எளிய ஞானம். நம்மிடம் காப்பாற்றுகிறவனுக்கு வரி, இடிப்பவனுக்கு எஃப்எஸ்ஐ என்கிற கட்டுமானப் பரப்பு.

அதனால் அபராதத்தை ஐந்து லட்சம் ஆக்கு, ஐம்பது லட்சம் ஆக்கு என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் ஐந்து வருடத்துக்கு ஒரு குழு போடுவார்கள், ஏற்றிய தொகையை ப்ரமோட்டர் ஃபிளாட் விலையில் சேர்த்து வாங்குகிறவர் தலையில் கட்டுவார்.

பன்னிரண்டு வருடம் கழித்து உயிர்பெற்ற பாரம்பரிய ஆணையத்துக்கும், அதற்கு விதிகள் எழுதுகிற அதிகாரிகளுக்கும் என் விண்ணப்பம் சின்னது. இடித்தவன் தன் செலவில் அதேபோல் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்வரை அந்த மனையில் வேறு எந்தத் திட்டத்துக்கும் அனுமதி கிடையாது, மின் இணைப்பு கிடையாது, விற்றாலும் வாங்கியவரையும் அந்தத் தடை பிடிக்கும். மழைக்குத் திறந்துவிட்டு மெல்லக் கொல்வதும் இடிப்பு என்றே எழுதப்பட வேண்டும். பழுதென்று பொய்ச் சான்றிதழ் கொடுத்த இன்ஜினீயரின் உரிமமும், வெள்ளிக்கிழமை கையெழுத்திட்ட அலுவலரின் பெயரும் அந்த உத்தரவிலேயே வர வேண்டும். இடித்தது அரசுத் துறையானால் அதற்கும் இதே விதி, முதல் கேள்வி துறைச் செயலாளரிடம்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில், உங்கள் ஊர்ச் சத்திரத்தில், கோயில் மண்டபத்தில் பச்சை வலை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறுவதற்கு முன்பே தூண், கதவு, கூரை, கல்வெட்டு என்று எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கார்ல்டன் டேவர்னைத் திருப்பிக் கட்ட வைத்த சாட்சியம் அதுதான். எடுத்ததை உங்கள் போனிலேயே வைத்துக்கொள்ளாமல் ஆணையத்துக்கு எழுத்தில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.